ஈரமில்லாதவரின் படகுத்துறை

பதிவறைக்காரர் தன் ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் வெறும் தண்ணீரில் ஒரு தடவைகூட நனைந்ததில்லை. தண்ணீர் அவரைக் கண்டால் ஆறடி விலகி நின்றுகொள்ளும். மழையில் நடந்தால் அவரைச் சுற்றி ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத் தரை காய்ந்தே கிடக்கும். தலைக்கு நேர் மேலே, வானம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கும் ஒரு துளி இருக்காது. ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆறு விரல் உள்ளவனை யாரும் தெருவில் நிறுத்தி விரலை எண்ணுவதில்லை. அதுபோல இவரையும் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. குடையை மறந்துவிட்டு வந்தவர்கள் மட்டும் மழை நாளில் அவரை ஒட்டியபடி கொஞ்ச தூரம் நடப்பார்கள். அவரவர் வீட்டு வாசல் வந்ததும் நன்றி சொல்லிப் பிரிந்துவிடுவார்கள்.

மற்றபடி அவர் வாழ்க்கை அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கும் வரைக்கும்தான் அந்த முறைப்பு. அதில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுவிட்டால், யாருடைய வாய்க்குள் போகிறோம் என்று தெரியாமல் சமர்த்தாகத் தொண்டையில் இறங்கிவிடும். டீயாகவும் காப்பியாகவும் பழச்சாறாகவும் குடித்தே அவர் வளர்ந்தார். குளியலுக்கு சோப்பைக் கரைத்த வாளி. அந்த சோப்பை அலசுவதற்குத்தான் வழி கிடையாது. அதனால் எந்நேரமும் அப்போதுதான் குளித்து வந்தவர்போல மணப்பார். நீச்சல் குளத்தில் மருந்து கலக்கிறார்களே, அது மட்டும் எப்படி அவரை அடையாளம் கண்டுகொள்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. ஊரார் அவருக்கு வைத்த பெயர் ஈரமில்லாதவர். அந்தப் பெயர்தான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஊரிலேயே மனசில் ஈரம் அதிகம் உள்ள ஆள் அவர்தான். தெருவில் ஒரு நாய் நொண்டிக்கொண்டு போனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பழைய ஆவணங்களை வைத்துக் காக்கும் அலுவலகத்தில் பதிவறை அவர் பொறுப்பில் இருந்தது. ஒழுகுகிற கட்டடம். அவர் மேசையை எந்த ஒழுகலுக்குக் கீழே நகர்த்துகிறார்களோ, அந்த ஒழுகல் நின்றுவிடும். கூரையைச் சரிசெய்து தரும்படி எழுதிய கோப்பு இருபத்தொன்பது வருடம் மேலிடத்தில் தூங்கியது. 'தற்போதைய ஊழியர் இருக்கும்வரை அவசரமில்லை' என்று யாரோ அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதி வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் போய்க் கட்டிக்கொண்டது நகராட்சி நீச்சல் குளத்து டீச்சரை. பழைய வருகைப் பதிவேடுகளை வாங்கிப்போக அவர் ஒரு நாள் குளத்துக்கு வந்தார். குளத்தின் ஓரமாக நடந்தார், அவ்வளவுதான். ஓரத்துத் தண்ணீர் மொத்தமும் அடித்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. மல்லாந்து நீந்தக் கற்றுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் காய்ந்த தரையில் படுத்தபடி, ஒன்றும் தெரியாமல் கையை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் விசிலை வாயில் வைத்தபடியே திரும்பினாள். தண்ணீரைக் கண்டு பயப்படும் மனிதர்களை அவள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். மனிதனைக் கண்டு பயப்படும் தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தாள். அடுத்த வருடமே கல்யாணம். "அந்த ஆளைத் தலைமுழுகிட்டு வேற மாப்பிள்ளையப் பாருடி" என்று அவள் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தலைமுழுகவே முடியாதும்மா" என்றாள் டீச்சர்.

முப்பத்தொரு வருடம் ஓடியது. சண்டை சச்சரவு பெரிதாக இல்லை. டீச்சர் ஈரத்தலையோடு வேலையிலிருந்து வருவாள். அவர் கதவைத் திறப்பார். செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் தலை காய்ந்திருக்கும். அந்த வீட்டில் துண்டு என்று ஒரு பொருள் வாங்கியதே கிடையாது. ஒரே ஒரு குறைதான். விடுமுறை நாட்களில் அவள் ஏரியில் நீந்தப் போவாள், அவரும் கூடப் போவார், ஆனால் கரையிலிருந்து நன்றாகத் தள்ளிப் புல்தரையில் உட்கார்ந்து, சின்னதாகிக்கொண்டே போகும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்குப் பிடித்தது ஒன்று, பிடித்தவர் ஒருவர். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து அவள் பார்த்ததில்லை.

இருவரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். (பதிவறையின் கூரை அந்த மாதமே சரிசெய்யப்பட்டது.) குளத்துத் தண்ணீர் டீச்சரின் இடது காதைக் கெடுத்திருந்தது, இனிமேல் தண்ணீருக்குள் தலையை விடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், தண்ணீருக்குள்தானே போகக் கூடாது, மேலே போகலாமே என்று ஒரு படகு வாங்கத் தீர்மானித்தாள். ஏரிக்கரையில் பல் டாக்டர் வீட்டுக்கு அடுத்து நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். படுக்கையறைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டியைத் தோட்டத்துக் கோடிக்கு மாற்றியது முதல் வேலை. இரண்டாவது வேலை படகுத்துறை. கரை முழுக்கச் சேறும் இடுப்பளவு கோரையுமாக இருந்ததால், துறை இல்லாமல் படகில் கால் வைக்க முடியாது.

ஏரியின் பாதித் துறைகளைக் கட்டிய மேஸ்திரி வந்து இடத்தைப் பார்த்தார். அவருக்கு முதுகுவலி, அதனால் எதையும் நிமிர்ந்து நின்றே யோசிப்பார். "மிதக்கற துறையா, நட்ட துறையா டீச்சர்?" என்று கேட்டார். காலி டிரம்களைக் கட்டி மேலே பலகை அடித்தால் மிதக்கிற துறை. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நட்ட துறை என்றால் ஏரித்தரையில் தூண் இறக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும். டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் பதிவறைக்காரர் டீ டம்ளர்களோடு சரிவில் இறங்கி வந்தார். ஏரியின் ஓரம் பாயைச் சுருட்டியதுபோலப் பின்வாங்கியது. ஒரு தவளை மட்டும் நடுச்சேற்றில் அனாதையாக உட்கார்ந்திருந்தது. மிதக்கிற துறையாக இருந்தால் இவர் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அது தரைதட்டும். "நட்ட துறை" என்று மேஸ்திரியும் டீச்சரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நீச்சல் வகுப்பு அட்டவணையின் பின்பக்கத்தில் டீச்சர் பிளான் போட்டாள். நாற்பதடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டு வரிசையில் பதினாறு தூண். கரை அனுமதி அலுவலகத்தின் விதிகள் கறாரானவை. துறையின் முனையில் ஆறடித் தண்ணீராவது இருக்க வேண்டும். பக்கத்து மனையின் எல்லையிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். மீன்களுக்கு வெளிச்சம் போவதற்காகப் பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். இடத்தை ஆய்வு செய்ய ஒரு அம்மாள், அடிக்கணக்கு குறித்த நீண்ட கழியோடு வந்தார். பதிவறைக்காரர் விருந்தினரை வெறும் வாயோடு அனுப்புகிற மனிதர் இல்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார். ஆய்வாளர் கழியை ஊன்றிய இடமெல்லாம் காய்ந்த தரை. கடமை தவறாத அந்த அம்மாள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். பத்து நாளில் கடிதம் வந்தது: 'விண்ணப்பதாரரின் மனையை ஒட்டி ஏரி எதுவும் காணப்படவில்லை. ஏரி இல்லாத இடத்தில் படகுத்துறை கட்டுவதற்கு விதிகளில் இடமில்லை.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்துச் சிரித்தாள். அவர் ஒரு தடவை படித்தார், சிரிக்கவில்லை.

"என்னாலதானே?"

"நீங்க டீ குடுத்தது தப்பில்லங்க. அந்தம்மா குடிக்கற வரைக்கும் கூடவே நடந்தீங்க பாருங்க, அதான்."

மறு ஆய்வு அன்றைக்கு அவரை நகரத்தின் மறுகோடியில் இருந்த அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். ஆய்வாளர் வந்தார், கழி ஏழடிக்கு நனைந்தது. அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 'ஏரி திரும்ப வந்துள்ளது, அனுமதிக்கலாம்' என்று எழுதிவிட்டு, மறுபடியும் போனால் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று கீழே ஒரு குறிப்புச் சேர்த்தார்.

வேலை தொடங்கிய முதல் நாள் மேஸ்திரி கட்டுமரத்தில் நின்றுகொண்டு, சம்மட்டியால் இரண்டு தூண்களை அடித்து இறக்கினார். அடியில் சேறு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அடிப்பதுதான் அந்தத் தொழிலின் சாபம். இரண்டு தூண்களும் ஒன்றுக்கொன்று ரகசியம் பேசுவதுபோலச் சாய்ந்து நின்றன. மறுநாள் காலை பதிவறைக்காரர், இன்றைக்கு டீயா காப்பியா என்று கேட்டுப்போக வந்தார். கட்டுமரம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. மேஸ்திரி ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தவர், குனிந்து பார்த்தார். தூணின் அடி, அது வழுக்கிய பாறை, எல்லாம் பட்டப்பகலில் பளிச்சென்று தெரிந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பதிவறைக்காரரைச் சுற்றிச் சேறும் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. குதிகாலால் தட்டிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

தண்ணீர்ப் பக்கம் போன இடத்திலெல்லாம் அவர் கேட்டு வளர்ந்தது 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்பதைத்தான். அப்படியே நிற்கும்படி சொன்ன முதல் ஆள் மேஸ்திரி. அன்றைக்குச் சாப்பிடும்போது அந்த வாக்கியத்தை அவர் டீச்சரிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை மேஸ்திரியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

ஏழு வாரம் அவர் ஏரிக்குள் நின்றார். தொப்பி போட்டுக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு, தூணுக்குத் தூண் நகர்ந்தார். சுற்றிலும் தண்ணீர் சுவர்போல நிற்க, வேலிக்குக் குழி எடுப்பதுபோல மேஸ்திரியும் ஆட்களும் நாலடி தோண்டித் தூணை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, கல் போட்டு இறுக்கினார்கள். அவ்வப்போது தண்ணீர்ச் சுவரிலிருந்து ஒரு மீன் தவறி வெளியே விழும். அவர் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, அதை எடுத்து உள்ளே விடுவார். அவருடைய பழக்கம் தெரிந்துகொண்டு சில மீன்கள் வேண்டுமென்றே விழுந்ததாக மேஸ்திரி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அவர் இடம் மாறும்போது ஏரி திரும்பப் பாய்ந்துவிடும் என்பதால் டீச்சர் கரையில் விசிலோடு நின்றாள். ஒரு விசில் என்றால் ஆட்கள் ஏற வேண்டும், இரண்டு என்றால் இறங்கலாம்.

அவர் விலக்கிய தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டுமே. அது பல் டாக்டரின் தக்காளிப் பாத்திக்குப் போனது. டாக்டர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். பத்து மணிக்கு முன்னும் நாலு மணிக்குப் பின்னும் விண்ணப்பதாரரின் கணவர் ஏரியில் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பதினோராவது தூணுக்குக் குழி எடுத்தபோது சேற்றிலிருந்து ஒரு பல் செட்டு கிடைத்தது. எதற்கும் கேட்டுவிடலாம் என்று டீச்சர் அதைக் கழுவி வேலிக்கு மேலே நீட்டினாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் கட்டிய செட்டுதான். இதைக் கழற்ற நினைத்தாலும் கழலாது என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அன்று மாலையே அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஏரித்தரையில் என்ன கிடைத்தாலும் முதலில் தன்னிடம் காட்டும்படி கேட்டுக்கொண்டார்.

துறை முடிந்தது. மேஸ்திரி ஒரு இரும்புக் குண்டைப் பலகையில் வைத்தார், அது உருளவில்லை. ஏரியிலேயே ஒரு நூல்கூடச் சாயாத துறை இது ஒன்றுதான் என்றார். பச்சை நிறப் படகும் வந்து சேர்ந்தது. டீச்சர் தன்னை மறந்து இரண்டு பேர் உட்காரும் படகாகச் சொல்லியிருந்தாள். பதிவறைக்காரர் அந்த இரண்டாவது பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். தான் நட்ட துறை என்றாலும் படகு கட்டியிருக்கும்போது தான் அதில் நடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். முதல் நாள் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றே பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மேஸ்திரி வந்திருந்தார், பல் டாக்டர் வந்திருந்தார், வேலை முடிந்ததற்கான சான்றிதழோடு ஆய்வாளரும் வந்திருந்தார். டீச்சர் படகில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். அப்போதுதான் பதிவறைக்காரர் பார்த்தார்: துடுப்பு ஒன்று புல்தரையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினார். மனசு நிறைந்திருந்த நேரம்; தான் யார் என்பதையே அவர் மறந்துவிட்டார். நாற்பதடித் துறையில் அவர் ஓட ஓடத் தண்ணீரும் அவருக்கு முன்னால் ஓடியது. முனைக்கு வந்து அவர் துடுப்பை நீட்டியபோது, படகு லிஃப்ட் அறுந்ததுபோல ஏழடி கீழே போய்ச் சேற்றில் மோதியது. அடிப்பலகை விரிந்தது. டீச்சரின் மணிக்கட்டு பிசகியது. வலி தாங்காமல், எல்லோர் முன்னாலும், கீழேயிருந்து அவள் கத்தினாள்.

"எத்தனை தடவைதான் சொல்றது! கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன்!"

அவள் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஊரே சொல்லியிருக்கிறது; அவள் மட்டும் சொன்னதில்லை. பதிவறைக்காரர் துடுப்பைச் சத்தமில்லாமல் பலகையின்மேல் வைத்தார். திரும்பி நடந்தார். அவர் போகப் போக ஏரி திரும்பி வந்து, படகையும் அவளையும் மெல்லத் தூக்கி மேலே கொண்டுவந்தது. அவர் புல்தரையைத் தாண்டும்போது அவள் துறையின் மட்டத்துக்கு வந்துவிட்டாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் அவர் ஒரு பையோடு கிளம்பினார். அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம் என்றார். அக்கா திடகாத்திரமாக இருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும்.

மணிக்கட்டு ஆறியது, படகும் சரியானது. டீச்சர் தினமும் சாயங்காலம் துடுப்புப் போட்டாள். ஏரி நன்றாகத்தான் இருந்தது. எதிர்ப்பலகையில் பையை வைத்தாள். ஒரு வாரம் கழித்து அந்தப் பையைப் பார்க்கப் பிடிக்காமல் காலடியில் வைத்தாள். கரையைத் திரும்பிப் பார்த்தால் சுவர் மட்டும் தெரிந்தது. குளித்தால் தலை மத்தியானம் வரைக்கும் சொட்டிக்கொண்டிருந்தது, சளி பிடித்துவிட்டது. கடைசியில் கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்கினாள். கடைக்காரர் அதை மடித்துக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீச்சர் வீட்டில் துண்டு வாங்கிவிட்டார்கள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. இரண்டு பேர் ஆறுதல் சொல்ல வந்தார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். வெளியே அடை மழை. அக்கா வீட்டுக் கூரை டிவிக்கு மேலேயும் கட்டிலுக்கு மேலேயும் ஒழுகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டுத் தம்பியை உட்கார வைத்திருந்தாள் அக்கா. மழைக்காலம் முடிகிற வரைக்கும் அவரைத் திருப்பித் தரும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள் டீச்சர். சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தவள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டாள்.

"வந்து? நீ ஏரியில போவ. நான் கரையில உக்காந்து உன் முதுகைப் பாத்துக்கிட்டு இருக்கணும். முப்பத்தொரு வருஷமாப் பாத்தாச்சு டீச்சர். நல்ல முதுகுதான், குறை சொல்லல. போதும்."

"அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

"சொன்னது சரிதானே. நான் தள்ளித்தான் நிக்கணும்."

டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துவைத்ததைச் சொன்னாள். "யாரு உங்களைக் கரையில நிக்கச் சொன்னா? ஏழு வாரம் ஏரிக்குள்ளதானே நின்னீங்க. இன்னும் கொஞ்சம் உள்ள நடங்க. நான் மேல வரேன், நீங்க கீழ வாங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கீழன்னா எங்கடி? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"ஆழம் தெரியும் அண்ணி. இருபத்திரண்டு அடி."

அவர் எழுந்து பையை எடுத்தார். பின்னால் டிவி நனையத் தொடங்கியது.

மழை ஓய்ந்ததும் பாடம் ஆரம்பமானது. டீச்சர் விசிலை மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். புதிதாக நீச்சல் கற்க வருபவர்களுக்கு என்ன முறையோ அதேதான்: முதல் நாள் முழங்கால் ஆழம், மறுநாள் இடுப்பு, பிறகு கழுத்து. அவர் இடுப்பில் கயிறு கட்டி, அதன் நுனியை மேஸ்திரி துறையில் பிடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும் ஆழத்துக்கு வந்ததும் பதிவறைக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு மூக்கைப் பிடித்தார். முகம் சிவந்துபோனது. "மூச்சு விடுங்க! அங்க காத்துதான் இருக்கு!" என்று அவள் மேலேயிருந்து கத்த வேண்டியிருந்தது. இந்தப் பழக்கம் போக நாலு நாள் ஆனது.

வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் டீச்சருக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. தண்ணீர் அவரை வெறுப்பது பயமில்லை. வெறுப்பு விட்டுப்போனால்தான் ஆபத்து. இத்தனை வருடக் கோபம், ஏதாவது ஒரு நாள் மனசு மாறிச் சமாதானத்துக்கு வந்துவிட்டால்? நடு ஏரியில், இருபத்திரண்டு அடி ஆழத்தில், நீச்சல் தெரியாத மனிதரைத் தண்ணீர் கட்டித் தழுவிக்கொண்டால்? அதனால் தினமும் இறங்குவதற்கு முன்னால் தூரத்தில் நின்று, நீண்ட கழியின் நுனியில் கட்டிய டம்ளரில் பச்சைத் தண்ணீரை அவர் பக்கம் நீட்டுவாள். தண்ணீர் எகிறிக் குதித்து ஓடினால் நிம்மதியாக மூச்சு விடுவாள். "இன்னிக்கும் உங்களைப் பிடிக்கல. இறங்குங்க" என்பாள்.

ஒன்பதாம் நாள் நடு ஏரி. அவர் சரிவில் இறங்கிக்கொண்டே போனார். அவரோடு கூடவே அந்த வட்டக் கிணறும் ஏரிக்குள் நகர்ந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு துடுப்பு தூரம் தள்ளி டீச்சர் படகை ஓட்டினாள். துறையிலிருந்து கயிறு நீண்டுகொண்டே போனது. மிக ஆழமான இடத்தில் அவர் நின்று அண்ணாந்தார். சுற்றிலும் பச்சைச் சுவர், அதற்குள் மீன்கள், மேலே வட்டமாக வானம், வானத்தின் ஓரத்தில் அவள் தலை.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"நீ தெரியற" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முதுகு இல்ல, முகம்" என்றார்.

அப்போது காற்று ஒரு தடவை வீசியது. அவர் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். வெறும் துளி, அந்த வயசுக்கு அவருக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி.

"டீச்சர், நனைஞ்சுட்டேன்!"

அவள் விசிலை ஊதினாள், ஊதினாள், மூச்சு வாங்காமல் ஊதினாள். துறையில் மேஸ்திரி முதுகுவலியை மறந்து கயிற்றை இழுத்தார். வேலியைத் தாண்டி ஓடிவந்து பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார். ஆயிரம் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள், தன் புருஷனுக்கு ஒரு நாள்கூடக் கையை எப்படி அசைப்பது என்று சொல்லித் தரவில்லையே என்று அந்த ஒரு கணத்தில் நினைத்தாள். காது போனால் போகட்டும் என்று குதிக்கத் தயாராகப் படகின் விளிம்பில் காலை வைத்துவிட்டாள். கீழே, கயிற்றின் இழுப்பில் தட்டுத் தடுமாறி நின்ற பதிவறைக்காரர், நெற்றியிலிருந்து வழிந்து உதட்டுக்கு வந்த துளியை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர், நில்லு நில்லு. உப்புக் கரிக்குது." அண்ணாந்து அவளையே பார்த்தார். "அழுவறியா?"

"வேர்வை" என்றாள் டீச்சர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அது கண்ணீரா வேர்வையா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. எதுவாக இருந்தாலும் உப்புக் கலந்தது, அதனால் அதற்கு ஆள் அடையாளம் தெரியவில்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஏரி அதே ஆறடித் தூரத்தில், அதே வெறுப்போடு, உறுதியாக நின்றது. அன்றைக்கு அவர்கள் எதிர்க்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்கள்.

கயிறு ஒரு மாதத்தில் தேவைப்படாமல் போனது. துறையின் முனையில் ஏரித்தரை வரைக்கும் ஒரு ஏணி வைக்க வேண்டும் என்று டீச்சர் விண்ணப்பித்தாள். படிவத்தில் படகு கட்டும் இடம், மீன் பிடிக்கும் இடம் என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஆய்வாளர் பேனாவை எடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'கணவர் இறங்கும் இடம்' என்று எழுதி முத்திரை குத்தினார். முதலில் டீச்சர் படகை எடுத்துக்கொண்டு முப்பதடி தள்ளிப் போய் நிற்பாள். பிறகு அவர் துறையில் நிதானமாக நடந்து வந்து, ஏணியில் இறங்குவார். ஏரியில் படகு ஓட்டும் மற்றவர்கள் முதல் வாரம் அலறினார்கள், இரண்டாம் வாரம் எட்டிப் பார்த்தார்கள், மூன்றாம் வாரத்திலிருந்து பள்ளத்தைச் சுற்றி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து கேட்டால், டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் காற்று வாங்கப் போகிறார்கள் என்று சொல்வதோடு சரி.

பதினாலு வருடத்தில் அவர் நடந்து நடந்து ஏரித்தரையில் ஒரு ஒற்றையடிப்பாதை விழுந்துவிட்டது. இப்போது அவருக்கு எழுபத்துமூன்று. போன வாரம் ஒரு சாயங்காலம் நடு ஏரியில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

"மெதுவாப் போ டீச்சர்! உனக்கென்ன, மேல வழவழன்னு இருக்கு. இங்க ஒரே மேடும் பள்ளமும். முழங்கால் கழண்டுபோகுது."

"அப்ப நீங்க மேல வாங்க" என்றாள் அவள், துடுப்பை நிறுத்தாமல். "நான் கீழ நடக்கறேன்."

அவர் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். ஒரு மீன் விழுந்தது. எடுத்து உள்ளே விட்டார்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.